விளம்பரம் வரட்டும்

கும்பகோணம்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம். வாட்ஸ்அப்பில் எது அனுப்பினாலும் பார்த்துவிட்டாய் என்று நீலக் குறி விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால் பார்சலோடு இதையும் வைக்கிறேன். பருப்புப் பொடி, நார்த்தங்காய், கூழ் வடாம் இருக்கிறது. பொடியை வந்த அன்றைக்கே பாட்டிலில் மாற்றிவிடு. ராத்திரி வெறும் வயிற்றோடு படுக்காதே.

நீ வாங்கிக் கொடுத்த டிவியில் இப்போது வாரத்துக்கு இரண்டு மூன்று படமாவது பார்த்துவிடுகிறோம். யார் வீட்டுக்கு வந்தாலும் அப்பா முதலில் அந்த டிவியைத்தான் காட்டுகிறார். அப்புறம், ஆபீஸில் உனக்குக் கீழே பதினொரு பேர் வேலை பார்க்கிறார்கள் என்பதையும் சொல்லி முடித்த பிறகுதான் காபி.

டூரிஸ்ட் ஃபேமிலி பார்த்தோம். சசிகுமாரும் சிம்ரனும் இலங்கையிலிருந்து பிள்ளைகளோடு ராமேஸ்வரத்தில் வந்து இறங்குகிறார்களே, அதுதான். இயக்கிய அபிஷன் ஜீவிந்துக்கு அதுதான் முதல் படம். முன்பின் தெரியாத தெருவில் குடிவந்து சசிகுமார் எல்லோரிடமும் அப்படி உருகிப் பேசுவது கொஞ்சம் அதிகப்படி என்றார் அப்பா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தத் தெருவில் விசாரிக்க ஒரு ஆள் இல்லை, இவர் விசாரிக்கிறார். பெங்களூரில் உன் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஒரு சாவியை அவர்களிடம் கொடுத்து வை.

மெய்யழகனை இரண்டாம் தடவை பார்த்தேன். நீளம் நீளம் என்று சொல்லி, வெளியான சில நாட்களிலேயே 18 நிமிஷம் வெட்டினார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஊரைவிட்டுப் போனவர் 22 வருஷம் கழித்து நீடாமங்கலம் கல்யாணத்துக்கு வந்தால் ராத்திரி முழுக்கப் பேச விஷயம் இருக்கத்தானே செய்யும்? கார்த்தி, அரவிந்த்சாமி நடிப்பைப் பற்றி எல்லோரும் சொல்லியாகிவிட்டது. எனக்கு மனதைவிட்டுப் போகாதது மண்டபத்தில் வருகிற அந்த உறவுக்காரப் பெண்தான். தனக்கு வாய்த்த வாழ்க்கை சரியில்லை என்பதைப் போகிற போக்கில் அரவிந்த்சாமியிடம் சொல்லிவிட்டுப் போகிறாள். சொந்தபந்தம் அத்தனை பேர் நிறைந்த இடத்தில் அவளுக்குச் சொல்லக் கிடைத்தவர், எப்போதோ ஊரைவிட்டுப் போன ஒருத்தர்.

டிவியைத் திறந்தால் நம் எல்லோர் பெயரும் கட்டம் கட்டமாக வருகிறதல்லவா? போன மாதம் என் பெயருக்குப் பதிலாக உன் பெயரை அழுத்திவிட்டேன். முதல் தடவைதான் தெரியாமல் அழுத்தினேன். அதற்கப்புறம் தெரிந்தேதான். அதில் லப்பர் பந்து படம் பாதியில் நிற்கிறது. ராத்திரி நான் பார்க்கும்போது படத்துக்குக் கீழே அந்தக் கோடு ஓர் இடத்தில் இருக்கிறது, காலையில் பால் காய்ச்சிவிட்டு வந்து பார்த்தால் பின்னால் போயிருக்கிறது. அடுத்த நாள் திரும்பவும் பழைய இடத்துக்கே வந்திருக்கிறது. ஒரு நாள் அங்கிருந்தே ஓடவிட்டுப் பார்த்தேன். யசோதை வீட்டைவிட்டுப் போகிற இடம்.

ராத்திரி கண் விழிக்காதே பாப்பா. தூக்கம் வரவில்லை என்றால் வெந்நீரில் கால் வைத்துக்கொண்டு உட்கார்.

யசோதையின் புருஷன் கெத்து தினேஷ் நல்லவன்தான், அந்த விஜயகாந்த் பாட்டு வரும்போது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இனி கிரிக்கெட் விளையாட மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஒளிந்து ஒளிந்து மட்டையைத் தூக்கினால் எந்தப் பெண்டாட்டிக்கும் கோபம் வராதா? டிராக்டரை எடுத்துக்கொண்டு வந்து அவள் மைதானத்தையே உழுதாளே, அந்தக் கோபம் நியாயம். யசோதையாக வருகிற ஸ்வாசிகா அதில் நடிக்கவே இல்லை, வாழ்ந்திருக்கிறாள். படம் என்பதால் இரண்டரை மணி நேரத்துக்குள் எல்லாம் சேர்ந்துவிட வேண்டியிருக்கிறது. வீட்டில் அப்படி இல்லை. எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளையின் பெயர் இருந்த கட்டம் இப்போது இல்லை. அப்பா கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நான் இதை எழுதியாக வேண்டும். 2023 ஆடிக்கு நீ வந்திருந்தபோது எதிர்நீச்சல் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. அதில் வில்லனாக நடித்த மாரிமுத்து இருந்த சமயம். "ஏய் இந்தாம்மா" என்று அவர் அதட்டினால் நான் டிவியைப் பார்த்துத் திட்டுவேன். செப்டம்பரில் டப்பிங் பேசப் போன இடத்தில் மாரடைப்பு வந்து போய்விட்டார், நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது. அன்றைக்கு நீ வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய். என் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே, "அம்மா, அங்க எனக்கு ஒத்து வரலைம்மா" என்றாய். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "விளம்பரம் வரட்டும்" என்றேன். விளம்பரம் வந்ததும், "எல்லா வீட்டிலும் இருக்கிறதுதான், அனுசரித்துப் போ" என்றேன். நீ தலைப்பை விட்டுவிட்டு எழுந்து போனாய்.

அந்தச் சீரியலில் ஜனனி எதிர்த்துப் பேசினால் கைதட்டுகிறவள் நான். ஈஸ்வரிக்கும் நந்தினிக்கும் ரேணுகாவுக்கும் அழுதிருக்கிறேன். அதற்கு முன்னால் கோலங்கள் அபிக்காக வருஷக்கணக்கில் அழுதேன், அதுவும் எதிர்நீச்சலை இயக்கிய திருச்செல்வம் எடுத்ததுதான். பெற்ற பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது எனக்குக் காது இல்லை. அங்கே என்ன ஒத்து வரவில்லை என்று நான் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கும் கேட்கவில்லை, மறுநாள் உன்னை ஸ்டேஷனில் ஏற்றிவிடும்போதும் கேட்கவில்லை.

இப்போது நீ போன் பண்ணவில்லை என்று உன்மேல் கோபப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சாயங்காலம் மைசூர் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது பெங்களூர் வந்துவிடும். அப்பாவுக்குச் சமைத்து வைத்துவிட்டு நான் மட்டும் வருகிறேன். இல்லை, நீ வருவதாக இருந்தாலும் சரி, மாடி அறையைத் துடைத்து வைத்திருக்கிறேன். எத்தனை நாள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பொடியைப் பாட்டிலில் மாற்று. வடாம் டப்பாவில் ஈரக் கை படாமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அம்மா