தீர்மான நோட்டில் விட்ட இடம்

குழித்துறை,
20.8.2025

அன்புள்ள ரெஜினா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்துவிட்டாள், அதனால்தான் உடனே பதில் போட முடியவில்லை. இப்போது பரவாயில்லை. கஞ்சியும் பயறும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். ஓணம் நெருங்குகிறது, தோவாளையில் பூ விலை ஏறத் தொடங்கும். உனக்கு அங்கே கோயம்புத்தூரில் மழை உண்டா?

சரி, ஷீபா விஷயத்துக்கு வருகிறேன். உன் தங்கை மகள் அடுத்த ஊராட்சித் தேர்தலில் வார்டு மெம்பருக்கு நிற்கப் போகிறாள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் மெம்பர் பதவிக்காலம் முடிந்தது. அன்றிலிருந்து தனி அலுவலர்தான் பார்க்கிறார். தெருவிளக்கு எரியவில்லை என்றால்கூட யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று ஊரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. போன வாரம் ஆகஸ்ட் 15 கிராம சபைக்குப் போயிருந்தேன். மெம்பர்கள் உட்காரும் பெஞ்சு காலியாகக் கிடந்தது, பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அந்த பெஞ்சில் ஷீபா மாதிரி படித்த பிள்ளை வந்து உட்கார வேண்டும்.

"அவளுக்கு என்ன பயிற்சி கொடுக்க வேண்டும், உனக்கு என்ன கொடுத்தார்கள்?" என்று கேட்டிருந்தாய். எனக்குக் கிடைத்தது இரண்டு நாள் வகுப்பு. வகுப்பெடுத்தவர் நல்ல மனுஷர், பொறுமையாகச் சொல்லித்தந்தார். 1994 ஊராட்சிகள் சட்டம், அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணையில் ஊராட்சிகளுக்கென்று சொல்லியிருக்கும் 29 துறைகள், காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது, எல்லாம் சொன்னார். ஆனால் அந்த வகுப்புக்கு முன்பே மூன்று கூட்டம் முடிந்துவிட்டது. நான் செய்த முதல் தப்பு அந்த முதல் கூட்டத்திலேயே நடந்தது.

இதை உனக்கு இதுவரை சொன்னதில்லை. கூட்டம் முடிந்து டீயும் பழம்பொரியும் வந்தது. தீர்மான நோட்டை நீட்டினார்கள். ஆறு தீர்மானம் எழுதியிருந்தது, அதற்குக் கீழே நாலு விரல் அகலத்துக்கு வெற்றிடம், அதற்கும் கீழே கையெழுத்து வரிசை. எல்லாரும் போட்டார்கள், நானும் போட்டேன். இரண்டு மாதம் கழித்து வேறொரு காரியத்துக்காக அந்தப் பக்கத்தைப் புரட்டினேன். அந்த நாலு விரல் இடத்தில் ஏழாவதாக ஒரு தீர்மானம். எழுத்து நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தது, மையின் நிறமும் வேறு. ஒரு சின்ன வேலையை இன்னாருக்குக் கொடுக்கலாம் என்று மன்றம் ஏகமனதாகத் தீர்மானித்ததாம். கீழே என் கையெழுத்து, நானே போட்டது. யாரிடம் போய் என்ன சொல்ல முடியும்?

அன்றிலிருந்து நோட்டு கைக்கு வந்தால், கடைசித் தீர்மானத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவில் உள்ள இடத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். முதலில் கிளார்க்குக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் மற்ற இரண்டு பெண் மெம்பர்களும் அதையே செய்யத் தொடங்கினார்கள். இரண்டு நாள் வகுப்பில் இதைச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும், ரெஜினா. உறுதிமொழி எடுப்பதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் நோட்டைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. லஞ்சம் என்றால் கவரில் பணம் என்றுதான் நாமெல்லாம் நினைக்கிறோம். ஐந்து வருஷத்தில் என் கையில் யாரும் கவர் தந்ததில்லை. வந்ததெல்லாம் உறவுதான். 2021 நவம்பர் மழை உனக்கு நினைவிருக்கும், மாவட்டமே தண்ணீரில் கிடந்தது. எங்கள் வார்டில் சானல் (வாய்க்கால்) கரை இரண்டு இடத்தில் இடிந்தது. ஒன்று, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் நடைபாதை. இன்னொன்று என் அத்தானின் ரப்பர் தோட்டத்து ஓரம். ஒரு சைடு வால், அதாவது கரையைத் தாங்கும் மதில், கட்டத்தான் பணம் இருந்தது. அத்தான் என் கல்யாணத்துக்கு முன்னால் நின்றவர், அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரி பகலாக இருந்தவர். அவர் ஒன்றும் மிரட்டவில்லை. வீட்டுக்கு வந்தார், திண்ணையில் உட்கார்ந்தார், "நீ பார்த்துக்கோ மக்களே" என்றார். நான் தோட்டத்து ஓரத்துக்குக் கை தூக்கினேன்.

அந்த மழைக்காலம் முழுக்கப் பிள்ளைகள் சுற்றி மெயின் ரோடு வழியாகப் போனார்கள். லாரி போகிற ரோடு. மீன் விற்கும் அக்கா ஒருத்தி ஒரு நாள் என்னை வழியில் நிறுத்தி, "மெம்பரே, அந்த மதில் நிக்குத இடத்துல எந்தப் பிள்ள நடக்குது?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். பாதையை அடுத்த வருஷம் கட்டினோம், அதற்காக ஒன்றிய அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். ஆனாலும் அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

சட்டம் இதை எவ்வளவு தூரம் தொடுகிறது? ஊராட்சியோடு போடும் ஒப்பந்தத்தில் மெம்பருக்குப் பங்கு இருந்தால் பதவிக்குத் தகுதியில்லை என்று நம் சட்டத்தில் உண்டு. அத்தான் தோட்டத்து மதிலில் எனக்கு எந்த ஒப்பந்தமும் இல்லையே. காகிதத்தில் நான் சுத்தமானவள்.

உன் மகள் இங்கிலாந்திலிருந்து சொன்னதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு நெடுநேரம் யோசித்தேன். அங்கே 1995-இல் நோலன் பிரபுவின் குழு பொதுவாழ்வுக்கு ஏழு நெறிகளை வகுத்தது. தன்னலமின்மை, நேர்மை, ஒளிவுமறைவின்மை என்று போகும். அந்தச் சொற்களை வேண்டாம் என்று எந்த ஊரிலும் யாரும் சொல்லமாட்டார்கள். எனக்குப் பிடித்தது அங்கே கவுன்சில் மெம்பர்களுக்கு 2011 சட்டத்தில் வந்த ஏற்பாடுதான். பதவிக்கு வந்த 28 நாளுக்குள் தன் வேலை, நிலம், ஒப்பந்தம், பங்கு எல்லாவற்றையும், தன்னுடையது மட்டுமில்லை, கணவன் அல்லது மனைவியுடையதையும் சேர்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தச் சொத்தைத் தொடுகிற விஷயம் கூட்டத்தில் வந்தால் பேசவும் கூடாது, ஓட்டுப் போடவும் கூடாது. மீறினால் குற்றம். சின்னக் கிராமத்துக் கவுன்சில் மெம்பருக்கும் இதேதான். ஆனால் நம் ஊரில் கணவன் மனைவியோடு நின்றால் போதாது. அத்தான், மச்சான், சம்பந்தி, ஞானத்தகப்பன் வரை எழுத வேண்டும்.

நம் ஆட்களுக்கு இது தெரியாததா? வகுப்பில் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி அரை மணி நேரம் பெருமையாகப் பேசினார்கள், குடவோலையைப் பற்றி. கி.பி. 921-இல் பராந்தக சோழன் காலத்தில் வெட்டியது. வாரியத்தில், அதாவது ஊர்க் குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனின் பெயரை ஓலையில் எழுதக்கூடாது என்று அதில் இருக்கிறது. அவனோடு நிற்கவில்லை, அவனுடைய சிற்றவ்வை பேரவ்வை (சித்தி, பெரியம்மா) மக்கள், அத்தை மகன், மாமன், மாமனார், மச்சான் என்று உறவை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விலக்குகிறது. அந்த உறவுப் பட்டியலை மட்டும் வகுப்பில் யாரும் வாசிக்கவில்லை. அந்தக் குடவோலையில் பெண்ணுக்கும், நிலமில்லாதவனுக்கும் இடமில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். இன்று உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு, 2016-இல் அந்தச் சட்டம் வந்தது. வந்தபின்னும் எத்தனை கூட்டத்தில் "மெம்பர் வீட்டுக்காரர்" நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், மெம்பர் நோட்டு வீட்டுக்கு வரும் வரை அடுக்களையில் நிற்கிறாள் என்று உனக்குத் தெரியும். பயிற்சி என்று ஒன்று இருந்தால் கணவன்மாரை வாசலுக்கு வெளியே நிறுத்துவதில் தொடங்க வேண்டும்.

எல்லைக்கு அந்தப் பக்கம், பாறசாலையில் என் சித்தி மகள் மெம்பராக இருந்தாள். திருச்சூர் பக்கம் முளங்குந்நத்துக்காவில் இருக்கும் கிலா என்ற உள்ளாட்சிப் பயிற்சி நிறுவனத்தின் பாடங்கள் அவளுக்குக் கிடைத்தன. அதைவிட முக்கியம், கேரளத்தில் கிராம சபை வார்டு வார்டாக. கூட்டுவது அந்த வார்டு மெம்பர்தான். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட்ட வேண்டும், தொடர்ந்து இரண்டு முறை கூட்டாமல் விட்டால் பதவியே போய்விடும். நமக்கு வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை, ஊராட்சி முழுமைக்கும் ஒன்று, கூட்டுவது தலைவர். என் வார்டுக்காரர்கள் மட்டும் உட்கார்ந்து கேட்கிற கூட்டம் ஒன்று இருந்திருந்தால், அந்த மதிலுக்கு நான் கை தூக்கியிருக்க மாட்டேன். மீன்கார அக்கா அங்கேயே கேட்டிருப்பாள்.

நமக்கும் மறைமலைநகரில் மாநிலப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, தே.கல்லுப்பட்டியில் மண்டல நிறுவனம் இருக்கிறது. ஆனால் மாட்டைக் கறந்து வைத்துவிட்டு வருகிற பெண் அங்கே போய் ராத்திரி தங்க முடியுமா? நம் மாவட்டத்தில் 95 ஊராட்சிகள், 9 ஒன்றியங்கள். ஒன்பது இடத்தில், தேர்தல் முடிந்து உறுதிமொழிக்கு முன்னால், உண்மையான தீர்மான நோட்டையும் ரொக்கப் புத்தகத்தையும் எஸ்டிமேட்டையும் கையில் கொடுத்து, இதில் எங்கே இடம் விட்டிருக்கிறது, இந்த வேலையால் யாருக்கு லாபம் என்று கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து கேட்கிற அத்தானுக்கு "முடியாது" என்று எப்படிச் சொல்வது என்று ஒருத்தருக்கொருத்தர் பேசிப் பார்க்க வேண்டும். சும்மா சொல்லவில்லை. அந்தச் சொல்லை ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லிப் பழகியிருந்தால் எனக்கு அன்றைக்கு வந்திருக்கும்.

இதெல்லாம் எப்போது நடக்குமோ. அதுவரை ஷீபாவுக்கு நான் இருக்கிறேன். என் ஐந்து வருஷத்துக் குறிப்பு நோட்டு பீரோவில் இருக்கிறது, ஏழாவது தீர்மானத்தை அன்றைக்கே எழுதிவைத்த பக்கமும் அதில் உண்டு. வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் அவளை அனுப்பு, தனியாக வரட்டும். அவளுடைய சொந்தக்காரர்கள் அந்த வார்டில் யார் யார், யாருக்கு எங்கே நிலம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரச் சொல். சாப்பிட்டுவிட்டு சானல் கரையில் நடந்து அந்த மதிலையும் காட்டுகிறேன். மழை பெய்தால் அங்கே வழுக்கும், பழைய செருப்பாகப் போட்டு வரட்டும்.

உன்,
தங்கம்