சின்னத் தாத்தா திருடவில்லை: ஒரு நன்றி மடல்

எனக்கு உதவிய எல்லோருக்கும் வணக்கம்.

ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் 'பட்டாளத்தார் வீடு' என்று பெயர். (அதை நம்பிப் பட்டாளம் பகுதிக்குப் போய் அலைந்த கூரியர் பையன்கள் பலர்.) அந்தப் பெயர் கொள்ளுத்தாத்தாவால் வந்தது. முதல் உலகப் போருக்கு, இன்றைய ஈராக்கில் இருக்கும் பசுரா போய் வந்தார், வெள்ளைக்காரன் வெள்ளி மெடல் கொடுத்தான்: எங்களுக்குத் தெரிந்த வரலாறு இவ்வளவுதான். கூடவே ஒரு வால். அந்த வெள்ளி மெடலைச் சின்னத் தாத்தா விற்றுவிட்டு, அதே அச்சில் ஒரு வெண்கல மெடலை வைத்துவிட்டார் என்பது அந்த வால்.

ஒரு கல்யாணச் செலவுக்கு மெடலை அடகு வைக்கப் போனபோது, கடைக்காரர் உரசிப் பார்த்து "இது வெண்கலம்" என்று திருப்பிக் கொடுத்தாராம். அதற்கு முந்தைய வாரம் மெடல் சின்னத் தாத்தா கையில் இருந்தது. வேறென்ன சாட்சி வேண்டும்? அன்று நின்ற போக்குவரத்து, அவர் சாவுக்குக்கூட எங்கள் வீட்டிலிருந்து இரண்டே பேர் போகும் அளவுக்கு நீண்டது.

என் முதல் நன்றி மண்ணடியில் பழைய நாணயம் சேர்க்கும் பெரியவருக்கு. மெடலைக் கொண்டுபோய்க் காட்டியபோது அதைப் பார்க்கும் முன்பு என் விரலைத்தான் முகர்ந்தார். "புளி போட்டுத் தேய்த்தாயா?" ஆமாம். ஆயா காலத்திலிருந்து ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் தேய்க்கிறோம். மெடலின் ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை. மறுபக்கம் குதிரைமேல் ஆடையில்லாத ஒருவர், குதிரையின் காலடியில் மண்டையோடு, ஓரங்களில் 1914, 1918. ஆயாவுக்கு அவர் முனீஸ்வரன். அவருக்குக் குங்குமம் வைக்காமல் ஆயா காபி குடித்ததில்லை.

பெரியவர் லென்ஸை எடுத்து விளிம்பைப் பார்க்கச் சொன்னார். அங்கேதான் எண், பதவி, பெயர், பிரிவு எல்லாம் இருக்குமாம். நாங்கள் பாசத்தோடு தேய்த்துத் தேய்த்து எண்ணில் இரண்டு இலக்கத்தையும் பெயரில் பாதியையும் அழித்திருந்தோம். கடைசியில் மட்டும் ஆங்கிலத்தில் 'லேபர் கார்ப்ஸ்', அதாவது கூலிப் படை என்பது தெளிவாகத் தெரிந்தது. உள்ளே போய் இன்னொரு மெடலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அதே ராஜா, அதே குதிரை, ஆனால் வெள்ளி. "இது துப்பாக்கி பிடித்தவனுக்கு. உன்னுடையது மூட்டை தூக்கியவனுக்கு. அப்போதே வெண்கலம்தான் கொடுத்தான்," என்றார்.

பெட்டிக்கடை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். ஒரு மனிதர் காலம் முழுக்கத் திருடன் பட்டம் சுமந்திருக்கிறார். அவர் அப்பா கூலியாகப் போனார் என்பதைத் தவிர அதற்குக் காரணம் எதுவும் இல்லை.

அடுத்து எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்து ஊழியருக்கு நன்றி. நான் மூன்று நாள் 'சிப்பாய்' என்றே தேடிக்கொண்டிருந்தேன். "கூலி என்று தேடுங்கம்மா, பெயரையும் ஏழு விதமாக எழுதிப் பாருங்கள்," என்றார் அவர். பசுரா இருக்கும் மெசபடோமியாவுக்கு இந்தியாவிலிருந்து போனவர்கள் ஐந்தரை லட்சத்துக்கும் மேல். அதில் ஏறத்தாழச் சரிபாதி ஆயுதம் எடுக்காதவர்கள் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். லண்டனில் படிக்கும் தோழியின் மகளுக்கும் நன்றி. தன் விடுமுறையை அங்கே கியூ என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் போர் நாட்குறிப்புகளைப் புரட்டியே கழித்தாள். அவள் பார்த்த பக்கங்களில் அதிகாரிகளுக்குப் பெயர் இருந்தது, கூலிகளுக்கு எண்ணிக்கை மட்டும். பஞ்சாபுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். அங்கிருந்து போன மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரம் லாகூர் அருங்காட்சியகப் பதிவேடுகளில் கிடைத்திருக்கிறது. எங்களுக்குக் கிடைத்தது ஒரு விளிம்பு.

'முழு சர்வீஸ் ரிக்கார்டு' எடுத்துத் தருவதாக ஆறாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு போனவருக்கும் ஒரு கும்பிடு. அந்தக் கோபத்தில்தான் நானே பஸ் ஏறினேன்.

ஆனால் வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது பெரியப்பா கொதித்தார். "அப்போ பட்டாளமே இல்லையா? பெயர்ப் பலகையைக் கழற்றிவிடவா?" அந்த நேரத்தில் வந்து உட்கார்ந்தவர் எதிர்வீட்டுத் துறைமுகத் தாத்தா. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கியே ஓய்வுபெற்றவர். போர் தொடங்கியபோது பசுராவில் பெரிய கப்பல் வந்து அணையும் துறை இல்லை. கப்பல்கள் ஷத் அல் அரபு ஆற்றின் நடுவில் நிற்கும், சரக்கைப் பாய்மரப் படகுகளில் இறக்கிக் கரை சேர்க்க வேண்டும். இதை நான் படித்துச் சொன்னதும் தாத்தா சிரித்துவிட்டார். "நம்ம மசூலா படகு வேலைதானே! துறைமுகம் கட்டும்வரை மெட்ராஸில் அதைத்தானே செய்தார்கள். ராயபுரத்துக்காரனை வெள்ளைக்காரன் ஏன் கூட்டிப்போனான் என்று இப்போது தெரிகிறதா? ஐம்பது டிகிரி வெயிலில் அரிசி, குண்டு, ஆஸ்பத்திரிக் கட்டில் எல்லாவற்றையும் யார் இறக்கினார்கள்? மூட்டை வராவிட்டால் துப்பாக்கி பிடித்தவன் பல்லையா கடிப்பான்?" பெரியப்பா பேசவில்லை. பலகை அப்படியே இருக்கிறது. தாத்தா, அந்த ஒரு மாலைக்கு உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

கடைசி நன்றி, தண்டையார்பேட்டையில் இருக்கும் சின்னத் தாத்தாவின் மகளுக்கு. அத்தை, நானும் பெரியப்பாவும் மெடலோடு உங்கள் வாசலில் வந்து நின்றபோது நீங்கள் கதவைச் சாத்தியிருக்கலாம். அதற்கு உங்களுக்கு உரிமை இருந்தது. நீங்களோ சின்னத் தாத்தா படத்துக்கு முன்னால் மெடலை வைத்துவிட்டு, "அப்பா, பார்த்துக்கோங்க," என்று மட்டும் சொன்னீர்கள். பிறகு கடம்பா மீன் வாங்க ஆளனுப்பினீர்கள்.

மெடல் இனி ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே. இரண்டு வீட்டிலும் புளிக்குத் தடை. குங்குமம் உண்டு.

மண்ணடிப் பெரியவரே, உங்கள் லென்ஸ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அழிந்த அந்த இரண்டு இலக்கத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் இன்னொரு முறை பார்க்க ஆசை. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன்.

நன்றியுடன்,
பட்டாளத்தார் வீட்டுக் கொள்ளுப்பேத்தி,
ராயபுரம்