எலிக்கு ஒன்றரை மணி, மனிதனுக்கு ஒரு நாள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மனநோய் மருந்துகள் குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், ‘எலிகளுக்குத் தொடர்ந்து கொடுத்தபோது மருந்து பலனில்லாமல் போனது’ என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். நான் மருந்தியல் ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் எலிகளுக்கு ஊசி போட்டவன். என் தம்பி தினமும் இரவில் இந்த வகை மாத்திரை சாப்பிடுகிறவன். அந்த வரியைப் படித்துவிட்டு, “அப்படின்னா நிறுத்திடலாமா அண்ணே?” என்று கேட்டான். நெஞ்சு பதறிவிட்டது.

மருந்தை எப்படிக் கொடுத்தார்கள் என்பது அந்த வரியில் இல்லை. ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்து எலியின் உடலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். மனிதனுக்கோ அதற்குச் சுமார் ஒரு நாள் ஆகும். காலையில் ஓர் ஊசி போட்டால், மறுநாள் ஊசிக்கு முன்பே எலியின் மூளை மருந்திலிருந்து விடுபட்டிருக்கும். மருந்து இடைவிடாமல் இருக்க வேண்டுமென்றால், தோலுக்கடியில் சின்னப் பம்ப் ஒன்றை வைத்துத் தைப்பார்கள். இரண்டையும் ‘தொடர்ந்து கொடுத்தோம்’ என்றுதான் எழுதுவார்கள்.

2007-இல் கனடாவில் சமாஹாவும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு பம்ப் வைத்துச் செய்தது. சமிக்ஞை வந்ததும், ஷாக் அடிக்கும் முன்பே பக்கத்து அறைக்கு ஓடிவிட எலியைப் பழக்குவார்கள். மருந்து வேலை செய்தால் எலி சமிக்ஞையைப் பொருட்படுத்தாது. ஷாக் பட்ட பிறகுதான் ஓடும். நாளாக ஆக, மூளையில் மருந்து போதிய அளவு இருந்தும் எலிகள் பழையபடி முன்கூட்டியே ஓடத் தொடங்கின. மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமினின் வேலையைத்தான் இந்த மருந்துகள் தடுக்கின்றன; அந்த டோபமினுக்கு மூளையின் உணர்திறன் கூடிவிட்டதே காரணம் என்றார்கள். விட்டுவிட்டுக் கொடுத்தால் பலன் அப்படிக் குறைவதில்லை என்று 2008-இல் அவர்களே காட்டினார்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் மிங் லீ என்ற ஆய்வாளரின் குழு எலிகளுக்குத் தினம் ஓர் ஊசியாகப் போட்டபோது, ஹாலோபெரிடால், ஒலான்சபின் என்ற இரண்டு மனநோய் மருந்துகளின் பலனும் நாளுக்கு நாள் கூடியது. குளோசபின் என்ற இன்னொரு மனநோய் மருந்தின் பலனோ குறைந்தது. அதனால் ‘மருந்து பழகிவிடும்’ என்று பொதுவாகச் சொல்லவே முடியாது.

மனித உடலில் மருந்து மெதுவாகக் குறைவதால், மனிதனின் தினசரி மாத்திரை எலியின் பம்ப்புக்குத்தான் நெருக்கம். ஆகவே பம்ப் வைத்த எலிகளில் பலன் குறைந்தது நமக்கும் பொருந்துமா என்பது நியாயமான கேள்வி. டொரொன்டோவில், மனச்சிதைவு நோய் கட்டுக்குள் இருந்த 35 பேரை வைத்து ஒரு சோதனை செய்து 2011-இல் வெளியிட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆறு மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து. நோய் திரும்புவது கூடவில்லை. ஆனால் 35 பேர் மிகக் குறைவு. அதுவும் மருத்துவர்களின் நேரடிக் கண்காணிப்பில் நடந்தது. வீட்டில் தானாக மாத்திரையை நிறுத்தியவர்கள் நோய் முற்றி மருத்துவமனைக்குத் திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன்.

விலங்குச் சோதனை பற்றி எழுதும்போது ஊசியா பம்ப்பா, எத்தனை மணிக்கு ஒருமுறை, எத்தனை நாள் என்ற மூன்றையும் தயவுசெய்து சேர்த்து அச்சிடுங்கள். இரண்டு வரிதான் கூடும்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது நானும் கூட வருகிறேன், இதை அவரிடமே கேட்போம் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். அன்றிரவு மாத்திரையை என் கண்முன்னால்தான் போட்டுக்கொண்டான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுக்கூடப் பணியாளர்,
மதுரை