கோயில்காட்டுக்கு மரக்கன்று வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோயில்காடுகளில் தன்னார்வலர்கள் ஆற்றிவரும் பணியைப் பற்றித் தங்கள் இதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பாராட்ட வேண்டியவர்களைக் கட்டுரையாளர் மனமாரப் பாராட்டியிருக்கிறார். ஆனால், பணி என்றவுடன் மரக்கன்று நடுவதையும் சருகு கூட்டுவதையுமே அவர் முன்னிறுத்தியிருப்பது, மரக்காணம் வட்டாரத்தில் இத்தகைய காடொன்றைப் பார்த்துக்கொள்ளும் சிறு குழுவில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் எனக்குக் கவலையளிக்கிறது.

சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி ஒரு காலத்தில் நீண்டு கிடந்த உலர் பசுமைமாறாக் காட்டில் இன்று எஞ்சியிருப்பவை சிறு சிறு துண்டுகளே. அவற்றுள் பெரும்பாலானவை அய்யனாரையும் அம்மனையும் நம்பிப் பிழைத்தவை. புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியுள்ள கீழ்ப்புத்துப்பட்டுக் காடு தாவரவியலாளர்கள் தேடி வந்து ஆய்வு செய்யும் அளவுக்குப் பெயர் பெற்றது. ஆரோவில்லில் செம்மண் பொட்டலாகக் கிடந்த நிலத்தில் இவ்வகைக் காட்டை மீண்டும் வளர்க்க முனைந்தவர்கள், இந்தக் கோயில்காடுகளில்தான் விதைக்கு வழி தேடினார்கள். வீரை, காயா, உலக்கைப்பாலை, கருங்காலி ஆகியவை இக்காடுகளின் குடிமக்கள். மழையின் பெரும்பங்கை வடகிழக்குப் பருவக்காற்றிடமிருந்து பெற்றுக்கொண்டு, மற்ற மாதங்களின் வறட்சியைத் தடித்த சிறு இலைகளோடு பச்சை மாறாமல் தாங்கி நிற்கும் இம்மரங்கள் மிக மெதுவாக வளர்பவை. தொடையளவு பருமனே உள்ள ஒரு வீரை மரம், அதன் நிழலில் பொங்கல் வைக்கும் குடும்பத்தின் மூத்தவரைவிட வயதில் பெரியதாக இருக்கக்கூடும்.

இப்படிப்பட்ட காட்டுக்குள் கன்று கொண்டுவந்து நடுவது தேவையற்றது. பல நேரங்களில் தீங்கும்கூட. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதிக்கு நல்லெண்ணத்தோடு வந்த ஒரு கல்லூரி மாணவர் அணி, ஒரே நாளில் காட்டின் ஒரு பக்கத்துச் சருகையெல்லாம் கூட்டி எரித்து, புங்கனையும் வேம்பையும் வரிசையாக நட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு சென்றது. மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் யோசித்திருக்க வேண்டும். ஏனெனில், அந்தச் சருகுக்கு அடியில்தான் பறவையும் வௌவாலும் மரநாயும் தின்று கழித்த விதைகள் முளைத்து, இரண்டு இலையோடு மழைக்காகக் காத்திருந்தன. நாங்கள் நட நினைத்தாலும் அத்தனை வகையை நட்டிருக்க முடியாது.

அப்படியானால் தன்னார்வலர்களுக்கு என்னதான் வேலை என்று கேட்கலாம். முதல் வேலை பாதைதான். காட்டு முகப்பிலிருந்து சன்னிதி வரை செல்லும் ஒற்றையடிப் பாதை மழையில் சேறானால், வருகிறவர்கள் ஓரமாக ஒதுங்கி நடப்பார்கள். அடுத்த ஆண்டு அந்த ஓரமும் பாதையாகிவிடும். பாதை அகன்றால் பொங்கல் பானையும் விறகும் ஏற்றிய குட்டியானை வண்டி உள்ளே வரும். பிறகு அதற்காகவே ஒருவர் பொக்லைன் கொண்டுவருவார். மேலே கிளைகள் விலகி வெயில் தரையைத் தொட்டதும் உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் இரு பக்கமும் புகுந்துவிடுகின்றன. ஆகவே ஐப்பசிக்கு முன்பே பள்ளங்களில் செம்மண் சரளையை இட்டு மிதித்து இறுக்குகிறோம். புதிதாக விழுந்த குறுக்குவழிகளின் வாயில் களா முள்ளையும் ஒடிந்த கிளைகளையும் போட்டு அடைக்கிறோம். பட்டுப்போய் விழுந்த மரம் பாதையை மறித்தாலொழிய அதைத் தொடுவதில்லை. உள்ளே கிடந்து மட்கட்டும். கறையானுக்கும் வண்டுக்கும் அரணைக்கும் அது வேண்டும்.

களை எடுப்பதிலும் ஒரு முறை உண்டு. உண்ணிச்செடியைத் தரைமட்டத்தில் வெட்டினால் முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். வேரும் தண்டும் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே வெட்டியெடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால்தான் அது அடங்குகிறது. சீமைக்கருவேலத்தை நாற்றாக இருக்கும்போதே, மண் ஊறிய நாட்களில் கையால் பிடுங்கிவிட வேண்டும். ஆடி மாதம் முடிந்ததும் இன்னொரு வேலை காத்திருக்கும். குழந்தை வரம் வேண்டி இளங்கிளைகளில் தொட்டில் கட்டுகிறார்கள். முன்பெல்லாம் பருத்திச் சேலைத் துணி ஒரு மழைக்காலத்தில் இற்றுவிடும். இப்போது நைலான் கயிறு பட்டைக்குள் இறங்கி, அதன் மேல் மரம் சதை போட்டு வீங்கிவிடுகிறது. பூசாரி ஐயாவிடம் சொல்லிவிட்டு, தொட்டிலைச் சன்னிதியில் வைத்துவிட்டுக் கயிற்றை மட்டும் பட்டை காயப்படாமல் அறுத்தெடுக்கிறோம். பருத்தி நூலில் கட்டுங்கள் என்று அவரே சொல்லத் தொடங்கிய பிறகு இந்த வேலை வெகுவாகக் குறைந்திருக்கிறது. நாங்கள் வைத்த அறிவிப்புப் பலகைக்கு அந்தச் சக்தி இருக்கவில்லை.

இவ்வளவும் செய்தாலும், ஒரு திருப்பணிக் கூட்டத்தில் கல்யாண மண்டபமோ வண்டி நிறுத்துமிடமோ கட்ட முடிவானால், தடுப்பதற்கு எங்களிடம் காகிதம் ஏதுமில்லை. இக்காடுகளில் பல வனத்துறையின் காப்புக்காடுகள் அல்ல. எங்கள் ஊரின் நில விவரப் பதிவேடான 'அ' பதிவேட்டில் அந்தச் சர்வே எண் கோயில் புறம்போக்கு என்றுதான் இருக்கிறது. ராஜஸ்தானின் ஓரண்கள் எனப்படும் தெய்வக்காடுகள் குறித்த வழக்கில், அவற்றை அளந்து அடையாளம் காண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவற்றைச் சமுதாயக் காப்பகங்களாக அறிவிக்கலாம் என்றும் பரிந்துரைத்தது. நாடு முழுவதும் உள்ள கோயில்காடுகளுக்காக ஒரு கொள்கை வகுக்குமாறும் ஒன்றிய அரசுக்குப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் அதற்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின் 37ஆம் பிரிவைக் கொண்டு 2022இல் அரிட்டாபட்டியும், 2025இல் திண்டுக்கல் மாவட்டத்தின் காசம்பட்டி வீர கோவில் காடும் பல்லுயிர் மரபுத் தலங்களாக அறிவிக்கப்பட்டன. காசம்பட்டிக் காட்டின் பரப்பு ஐந்து எக்டேருக்கும் குறைவு. அவ்வளவு சிறிய காட்டுக்குக் கிடைத்த அங்கீகாரம் விழுப்புரம், கடலூர், புதுக்கோட்டை மாவட்டக் காடுகளுக்கு ஏன் கிடைக்கக்கூடாது?

வழிபாட்டுக்கு இடையூறு வந்துவிடுமோ என்ற அச்சம் ஊர்மக்களிடம் இருக்கிறது, அது நியாயமானதும்கூட. வேலி போட்டுப் பூட்டுவதாக இருந்தால் நானே எதிர்ப்பேன், ஏனெனில் காட்டை இதுவரை காத்தது அந்த வழிபாடுதான். ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவில் பூசாரியும் ஆடு மேய்ப்பவரும் இடம்பெற்று, பாதையின் அகலத்தையும் பொங்கல் வைக்கும் இடத்தையும் அவர்களே வகுத்து எழுதிக்கொடுத்த பிறகு அறிவிப்பு வரட்டும். மாவட்ட நிர்வாகம் முதற்கட்டமாகக் கிராம நிர்வாக அலுவலர்களைக் கொண்டு இத்தகைய காடுகளின் எல்லையை அளந்து பட்டியலை வெளியிட்டாலே, அடுத்த திருப்பணிக் கூட்டத்தில் நாங்கள் எடுத்துக்காட்ட ஒரு தாள் இருக்கும்.

உதவ விரும்பும் வாசகர்கள் கன்றுகளோடு வர வேண்டாம். கார்த்திகையில், மண் ஈரமாக இருக்கும்போது, ஒரு களைக்கொத்தும் கையுறையும் கொண்டுவந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மரக்காணம் வட்டம், விழுப்புரம் மாவட்டம்