பள்ளிக் குழுவில் யார் இருக்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கே சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பித்த என் அண்ணி, இப்போது நியூ ஜெர்சியில் தம் ஊர்ப் பள்ளிகளை மேற்பார்க்கும் பள்ளி வாரியத்துக்கான தேர்தலில் நிற்கிறார். கட்சிச் சின்னம் கிடையாது. 3 ஆண்டுப் பதவி, சம்பளமும் இல்லை. ஆனாலும் வீடு வீடாகப் போய் ஓட்டு கேட்கிறார். வீட்டு வரியில் பெரும்பங்கு பள்ளிக்குப் போவதால் ஆளாளுக்குக் குடைகிறார்களாம்: என்ன படித்தீர்கள், பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், வரவுசெலவு பார்க்கத் தெரியுமா?

நம் அரசாங்கப் பள்ளிகளின் ஆலோசனைக் குழுவுக்குத் தேர்தல் இல்லை, நியமனம்தான். சரி, அப்படியே இருக்கட்டும். அங்கே போல வீட்டு முற்றத்தில் வேட்பாளர் பெயர்ப்பலகை நடும் கூத்து நமக்கு வேண்டாம். (அடுக்குமாடி வீட்டில் முற்றத்துக்கு எங்கே போவது!) ஆனால் குழுவில் இருப்பவர் யார், என்ன வேலை பார்த்தவர் என்று ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோருக்கு இரண்டு வரி எழுதி அனுப்பலாமே?

– பெற்றோர் ஒருவர், தெம்பனிஸ்