160 ஏக்கரும் மூவாயிரம் பக்கக் கடிதங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், அமெரிக்காவின் 1862ஆம் ஆண்டுக் குடியேற்ற நிலச் சட்டத்தைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட அச்சட்டம் ஏழை உழவருக்குக் குடும்பத்துக்கு 160 ஏக்கர் வீதம் வழங்கியது; அவர்களும் ஐந்தாண்டு பாடுபட்டுப் பட்டா பெற்று நிலைத்தார்கள் என்பதே கட்டுரையின் சாரம். அதில் சொல்லப்பட்ட செய்திகளில் பிழையில்லை. ஆயினும் சட்டத்தின் வாசகத்தையும் பட்டாக்களின் எண்ணிக்கையையும் மட்டும் வைத்துக்கொண்டு எழுதினால் அந்த உழவரின் வாழ்க்கை பெருமளவு விடுபட்டுப் போகும். அந்த நிலத்தில் வாழ்ந்த ஒரு குடும்பமே எழுதிய காகிதங்கள் கையில் இருக்கும்போது அவற்றைத் தொடாமல் இந்த வரலாற்றைச் சொல்வது நிறைவாகாது என்று கருதி இதை எழுதுகிறேன்.

நான் குறிப்பிடுவது நெப்ராஸ்கா மாநில வரலாற்றுக் கழகத்தில் பாதுகாக்கப்படும் ஓப்லிங்கர் குடும்பக் கடிதங்களை. ஏறத்தாழ 3,000 பக்கங்கள் கொண்ட இத்தொகுப்பை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் மின்னுருவாக்கி, எவரும் படிக்கும்படி இணையத்தில் வைத்துள்ளது. 1862 தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள் வரை நீளும் இக்கடிதங்களில் பெயர்பெற்ற மனிதர் எவரும் இல்லை. நிலம், விளைச்சல், அண்டை வீட்டார், ஞாயிறு வழிபாடு, கையில் இல்லாத பணம் ஆகியவையே திரும்பத் திரும்ப வருகின்றன. வரலாறு தேடிச் செல்பவருக்கு முதல் பார்வையில் சலிப்பூட்டக்கூடிய இந்தச் சில்லறைச் செய்திகள்தாம் சட்டப் புத்தகத்தில் கிடைக்காதவை.

உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் பணியாற்றிய யுரையா ஓப்லிங்கர் 1869இல் மேட்டி தாமஸ் என்பவரை மணந்தார். இந்தியானாவில் சொந்த நிலம் வாங்க வசதியில்லாத அவர், 1872ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் மனைவியின் உடன்பிறந்தார்களோடு வண்டியில் புறப்பட்டு நெப்ராஸ்காவுக்குச் சென்று ஃபில்மோர் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) நிலம் பிடித்தார். மனைவியும் சிறு மகளும் இந்தியானாவிலேயே தங்கியிருந்து, 1873 மே மாதம் ரயிலில் வந்து சேர்ந்தனர். இடைப்பட்ட அந்த மாதங்களில் கணவனும் மனைவியும் எழுதிக்கொண்டவையே தொகுப்பின் மிகச் செறிவான பகுதி. இருவரும் ஒரே கூரையின் கீழ் வாழத் தொடங்கியதும் இயல்பாகவே அந்தக் கடிதப் போக்குவரத்து நின்றுவிடுகிறது. அதற்குப் பதிலாக மேட்டி ஊரில் இருந்த தன் பெற்றோருக்கும் உறவினருக்கும் எழுதத் தொடங்குகிறார். ஆக, இக்குடும்பத்தில் யார் யாரைப் பிரிந்திருந்தார்களோ அந்தப் பிரிவின் அளவுக்கே நமக்குச் செய்தி கிடைக்கிறது. இத்தகைய காகிதங்களைப் படிப்பவர் இதை மறக்கலாகாது. கடிதம் இல்லாத ஆண்டுகளில் ஒன்றும் நிகழவில்லை என்று பொருளில்லை. எழுத வேண்டிய தேவை அப்போது எழவில்லை, அல்லது எழுதியது தங்கவில்லை.

நிலம் இலவசம் என்பதைப் பற்றி. விண்ணப்பம் முதல் பட்டா வரை அரசுக்குச் செலுத்த வேண்டிய கட்டணம் மொத்தம் 18 டாலர்தான். போரில் பணியாற்றியவர்களுக்கு, அப்பணிக்காலத்தை ஐந்தாண்டிலிருந்து கழித்துக்கொள்ளும் சலுகையும் 1872இல் வந்தது. ஆனால் அந்த 160 ஏக்கரும் ஏர் படாத புல்வெளி. தலைமுறை தலைமுறையாகப் பின்னிக் கிடந்த புல்வேரை அறுக்க அதற்கென்றே செய்த கலப்பை வேண்டும். அதை இழுக்கக் காளைகளோ குதிரைகளோ வேண்டும். கிணறு வெட்ட வேண்டும். முதல் விளைச்சல் வீடு வந்து சேரும் வரை சாப்பிட வேண்டும். இதற்கெல்லாம் சட்டத்தில் இடமில்லை. 160 ஏக்கர் என்றதும் நம் ஊர்க் காவிரிப் பாசன வயலை நினைத்து மலைத்துவிடுகிறோம். உழவே தொடங்காத, மரமில்லாத, மழையை மட்டும் நம்பிய நிலத்தில் அந்த எண்ணுக்கு இருந்த மதிப்பு வேறு.

மரம் இல்லாததால் வீடும் மண்ணிலிருந்தே எழுந்தது. புல்லும் வேருமாக மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி எடுத்து, செங்கல்லைப் போல அடுக்கி, இரண்டு மூன்று அடித் தடிமனில் சுவர் எழுப்பினார்கள். கோடையில் குளிர்ச்சியும் குளிரில் கதகதப்பும் தந்த அந்த வீடுகளில், மழை பெய்தால் கூரை ஒழுகும். வெளியே மழை நின்ற பிறகும் உள்ளே சொட்டுவது நிற்காது. 1873 ஜூனில் மேட்டி ஊருக்கு எழுதிய கடிதத்தில், மண் வீடாக இருந்தாலும் தங்கள் சொந்த வீட்டில் குடியேறிவிட்டதைப் பெருமையோடு சொல்கிறார். கல்லாத பெண்ணின் வெள்ளை மனம் என்று இதைக் கடந்துபோகக் கூடாது என்பது என் எண்ணம். ஊரில் கவலையோடு காத்திருக்கும் பெற்றோருக்கு எழுதுகிறோம் என்பதை அவர் அறிந்தே எழுதியிருப்பார். பிறந்த வீட்டுக்கு எழுதும் பெண் எதைச் சொல்வாள், எதை விழுங்குவாள் என்பது நம் வாசகியருக்கு விளக்க வேண்டியதில்லை.

மேட்டி வந்து சேர்வதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், 1873 ஏப்ரல் 13ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, நெப்ராஸ்காவில் மழையோடு தொடங்கிப் பனிப்புயலாக மாறிய பெருங்காற்று மூன்று நாள் வீசியது. இளவேனில் வந்துவிட்டதென்று நம்பியிருந்த குடியேறிகள் பலர் கால்நடைகளை இழந்தனர். மனிதரும் விலங்கும் ஒரே அறையில் ஒடுங்கிக் கிடந்த வீடுகள் உண்டு. இந்தப் புயலும் ஓப்லிங்கர் கடிதங்களில் இடம்பெறுகிறது. வானிலைப் பதிவேட்டில் ஒரு வரியாக முடிந்துவிடும் நிகழ்ச்சி, இன்னும் சில வாரத்தில் மனைவியையும் குழந்தையையும் அதே இடத்துக்கு வரவழைக்கவிருக்கும் ஒருவரின் எழுத்தில் எவ்வளவு கனம் பெறுகிறது என்பதைப் படித்தால்தான் தெரியும்.

மறு ஆண்டு வெட்டுக்கிளி வந்தது. 1874 கோடையில் ராக்கி மலைச் சரிவுகளிலிருந்து கிளம்பிய கூட்டங்கள் நெப்ராஸ்கா, கான்சஸ், டகோட்டா, மினசோட்டா பகுதிகளில் இறங்கிச் சோளக்கொல்லைகளைத் தண்டோடு தின்று தீர்த்தன. உலரப் போட்ட துணியையும், வியர்வை உப்பு ஏறிய மண்வெட்டிப் பிடியையும்கூட அவை விடவில்லை என்று அக்காலத்தவர் பலர் எழுதி வைத்துள்ளனர். அந்தக் குளிர்காலத்தில் நிவாரணக் குழுக்கள் உணவு திரட்டின. ராணுவம் தன்னிடம் மிஞ்சியிருந்த மேலங்கிகளையும் காலணிகளையும் குடியேறிகளுக்குக் கொடுத்தது. வியப்பு என்னவென்றால், வானத்தை மறைத்த அந்த வெட்டுக்கிளி இனம் ஒரு தலைமுறைக்குள் அடியோடு அழிந்துபோயிற்று. உயிரோடு கடைசியாக அது பிடிபட்டது 1902இல். இன்று அப்பூச்சியை ஆராய்பவர்கள் அருங்காட்சியக மாதிரிகளையும் பனிப்பாறைகளில் உறைந்து கிடக்கும் உடல்களையும் விட்டால், இத்தகைய உழவர் எழுத்தைத்தான் நாட வேண்டியிருக்கிறது.

1880இல் மேட்டி பிரசவத்தில் இறந்தார். தாயற்ற மூன்று பெண் குழந்தைகளோடு யுரையா மினசோட்டாவில் இருந்த உறவினரிடம் சென்றார்; மறு ஆண்டு மறுமணம் செய்துகொண்டார்; 1901இல் காலமானார். பிற்காலக் கடிதங்களில் பணமுடை தலைதூக்கி நிற்கிறது. தங்கள் கட்டுரை வரைந்த வெற்றிக் கோட்டில் இந்தக் குடும்பம் பொருந்தாது. அச்சட்டத்தின் கீழ் காலப்போக்கில் ஏறத்தாழ 16 லட்சம் பட்டாக்கள் வழங்கப்பட்டு, 27 கோடி ஏக்கர் கைமாறியது என்பது உண்மை. விண்ணப்பித்துவிட்டுப் பாதியிலேயே விட்டுப் போனவர்களும், பட்டா வாங்கிய பிறகு கடனில் நிலத்தை இழந்தவர்களும் அந்தக் கணக்கில் தெரிவதில்லை. ஊன்றி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் குடும்ப வரலாறு எழுதுவார்கள். அலைந்து திரிந்தவர்களின் காகிதம் பெரும்பாலும் வழியிலேயே தொலையும். ஓப்லிங்கர் தொகுப்பு தப்பிப் பிழைத்திருப்பதை இதனாலேயே நான் அரிதாகக் கருதுகிறேன்.

கட்டுரையோடு வெளியான படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மண் வீட்டின் முன் குடும்பமே வரிசையாக நிற்கும் அப்படம் சாலமன் புச்சர் எடுத்ததாகத் தெரிகிறது. 1886இல் கஸ்டர் கவுண்டியில் தொடங்கி ஏறத்தாழ 3,000 கண்ணாடித் தகடுகளில் அவர் பதிவு செய்த படங்கள் ஈடில்லாதவை. அவையும் அதே வரலாற்றுக் கழகத்தில்தான் உள்ளன. ஆனால் அவற்றை அன்றாட வாழ்வின் சாட்சியாக அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மண் வீட்டில் வாழ்வதை ஊரார் அறிவதற்குக் கூசிய ஒரு குடும்பம், வீட்டுக்குள் இருந்த ஆர்கன் வாத்தியத்தைத் தொழுவத்துக்கு அருகே இழுத்துவரச் செய்து, அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டது. தகட்டில் பழுதுபட்ட இடங்களில் புச்சரே மரமும் பறவையும் கீறி வரைந்ததுண்டு. 1885இல் குடியேறிகள் பண்ணை வேலியை அறுத்த நிகழ்ச்சியின் படம் என்று புகழ்பெற்றிருப்பது, பதினைந்து ஆண்டு கழித்து ஆட்களை நிறுத்தி நடித்துக் காட்டி எடுத்தது. படத்தில் நிற்பவர் ஊருக்காக நிற்கிறார். கடிதம் எழுதுபவர் ஒருவருக்காக எழுதுகிறார். இரண்டிலும் மறைப்பு உண்டு என்றாலும் கடிதத்தில் மறைப்பது யாருக்காக என்பதையாவது கண்டுகொள்ள முடியும்.

குடும்பக் கடிதங்களாலும் ஆகாத காரியம் ஒன்று இருக்கிறது. பிளாட் ஆற்றுக்குத் தெற்கே இருந்த அந்த நிலம் காலியாகக் கிடந்ததல்ல. அம்மண்ணின் பூர்வகுடிகளான பாவ்னி மக்கள் 1833ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் அதை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அவர்களுக்கென அரசு ஒதுக்கியதில் எஞ்சியிருந்த நிலத்தையும் விட்டு, 1870களின் நடுவில், ஓப்லிங்கர் குடும்பம் புல்வெளியை உழுதுகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவர்கள் இன்றைய ஓக்லஹோமாவுக்கு இடம்பெயர்க்கப்பட்டனர். இரண்டு வரலாறுகளும் ஒரே மாநிலத்தில் ஒரே காலத்தில் நிகழ்ந்தவை. தங்கள் கட்டுரையில் பாவ்னி என்ற பெயரே வரவில்லை.

ரயில் நிறுவனத்தின் பங்கும் விடுபட்டிருக்கிறது. பர்லிங்டன் ரயில்பாதை 1870களின் தொடக்கத்தில் அப்பகுதியைக் கடந்தபோது நிலையங்களுக்கு ஆங்கில அகரவரிசையில் பெயர் சூட்டிக்கொண்டே போனார்கள். ஃபில்மோர் கவுண்டியில் இன்றும் எக்சிட்டர், ஃபேர்மான்ட், கிராஃப்டன் என்ற ஊர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. அரசிடமிருந்து மானியமாகப் பெற்ற நிலத்தை ரயில் நிறுவனம் தவணைக்கு விற்றது. இலவச நிலமும் விலை நிலமும் சதுரங்கக் கட்டங்களாக மாறி மாறிக் கிடந்தன. மேட்டி வந்த ரயிலும் அவர் கடிதங்களைக் கொண்டுபோன தபாலும் இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதியே. அரை அவுன்ஸ் கடிதத்துக்கு மூன்று சென்ட் தபால் கட்டணம்; வீட்டுக்கே தபால் கொண்டுவரும் கிராமத் தபால் சேவை தொடங்கியது 1896இல்தான். அதுவரை கடிதம் போடவும் வாங்கவும் அஞ்சல் நிலையம் உள்ள ஊருக்கு யாராவது போக வேண்டும்.

இதன் தொடர்ச்சியாக இன்னொரு கட்டுரை வெளிவரும் என்று இணைப்பில் அறிவித்திருக்கிறீர்கள். அதில் 1873 முதல் 1880 வரையிலான மேட்டியின் கடிதங்களிலிருந்து சில பகுதிகளையேனும் தமிழில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மூலத்தின் எழுத்துப் பிழைகளைத் திருத்தாமல் அப்படியே படியெடுத்து வைத்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பவர் அதை மெருகூட்டிவிடாமல் இருந்தால் நல்லது. அதனோடு, யுரையா போன்றவர்கள் பட்டா கோரியபோது இரு சாட்சிகளை வைத்து அளித்த வாக்குமூலங்கள், வீட்டின் நீள அகலம் முதல் உழுத ஏக்கர் வரை குறிக்கப்பட்ட நில அலுவலகக் கோப்புகளாக அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அத்தகைய கோப்பு ஒன்றையும் பக்கத்தில் வைத்து எழுதச் சொல்லுங்கள். முந்தைய கட்டுரையின் படத்துக்கு எடுத்தவர் பெயரும் ஆண்டும் அடுத்த இதழில் குறிப்பிடப்பட்டால் வாசகர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தஞ்சாவூர்