மிலானில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

சர்வேசுரனுக்குத் தோத்திரம். இங்கே அனைவரும் நலம். ஈஸ்டருக்குப் பிறகு நீ அனுப்பும் பதில்களெல்லாம் ஒற்றை வரியிலேயே முடிந்துவிடுகின்றன. வேலைப்பளு என்கிறாய், நம்புகிறேன். சின்ன அத்தை சொன்னதைப் பற்றி நான் எதுவும் கேட்கப் போவதில்லை. ஞாயிறு பூசையை மட்டும் விட்டுவிடாதே.

நம் குடும்பத்தில் படிப்பால் கடல் கடந்தவன் நீ ஒருவன்தான் என்பதில் எனக்கு எத்தனை பெருமை என்று ஊருக்கே தெரியும். ஆனால் நீ படம் எடுத்து அனுப்பிய மிலான் பேராலயத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை நான் அல்லவா உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது! பழைய ஞானஸ்நானக் கட்டடத்தின் எண்கோணத் தொட்டி அங்கே இன்றும் உண்டு. கோயிலுக்குள்ளிருந்தே இறங்கிப் பார்க்கலாம். 387ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருவிழா இரவில் மிலான் ஆயர் அம்புரோசியாரிடம், பின்னாளில் புனிதராகப் போற்றப்பட்ட அகுஸ்தினார் ஞானஸ்நானம் பெற்றது அங்குதான். அவரும் உன்னைப்போல் உத்தியோகத்துக்காகவே, 384இல், பேச்சுக்கலை ஆசிரியராக மிலானுக்கு வந்தவர்.

அதற்கு முன் ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் துறைமுகத்தில், நண்பனை வழியனுப்பிவிட்டு வருவதாகப் பொய் சொல்லி, தாய் மோனிக்கம்மாளைப் புனித சிப்ரியான் ஆலயத்தில் செபிக்க விட்டுவிட்டு, இரவோடு இரவாக ரோமாபுரிக்குக் கப்பலேறியவரும் அவர்தான். அந்த அம்மாள் பின்னாலேயே கடல் கடந்து மிலான்வரை வந்து சேர்ந்தார். தம் ஊர் வழக்கப்படி கூழும் ரொட்டியும் திராட்சரசமும் கூடையில் எடுத்துக்கொண்டு வேதசாட்சிகளின் கல்லறைக்குப் போனபோது, ஆயர் இதைத் தடை செய்திருக்கிறார் என்று வாசல்காவலர் தடுத்தார். ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் வழக்கத்தையே விட்டுவிட்டார். கல்லறைத் திருநாளுக்கு நான் இங்கே எடுத்துப்போகும் பலகாரத்தை யாராவது தடுத்திருந்தால் அவ்வளவு பொறுமையாக இருந்திருப்பேனா, தெரியவில்லை.

இத்தனை கண்ணீருக்குரிய மகன் கெட்டுப்போக முடியாது என்று ஓர் ஆயர் மோனிக்கம்மாளுக்குச் சொன்னதை எல்லாப் பிரசங்கத்திலும் கேட்கிறோம். அகுஸ்தினாரோடு பல ஆண்டுகள் வாழ்ந்து, அவருக்கு ஒரு மகனையும் பெற்றுத் தந்த பெண்ணைப் பற்றி மட்டும் சாமியார்கள் வாய் திறப்பதில்லை. கௌரவமான சம்பந்தம் வேண்டுமென்று மோனிக்கம்மாள் முன்னின்று, மணவயதை எட்ட இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்த ஒரு சிறுமியைப் பேசி முடித்ததால், அந்தப் பெண் மகனைத் தகப்பனிடம் விட்டுவிட்டு, இனி வேறொருவனோடு வாழ்வதில்லை என்று நேர்ந்துகொண்டு ஆப்பிரிக்காவுக்குத் திரும்பினார். தம் இதயம் கிழிந்து இரத்தம் கசிந்ததாக அகுஸ்தினாரே எழுதியிருக்கிறார். பேசி முடித்த அந்தத் திருமணமோ நடக்கவேயில்லை. அந்தப் பெண்ணின் பெயரை அவர் எங்கும் எழுதவில்லை. மோனிக்கம்மாள் எனக்குப் பாதுகாவலிதான். ஆனாலும் இந்தக் காரியத்தில் அவர் பக்கம் நிற்க எனக்கு மனம் வரவில்லை. இதை நீ வாசிக்க வேண்டுமென்றுதான் எழுதுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. ஞாயிறு பூசைக்குப் போ. ரோமுக்குப் போனால் அகுஸ்தினார் கோயிலில் மோனிக்கம்மாளின் கல்லறையைப் பார்க்காமல் திரும்பாதே.

ஆகஸ்ட் 27, அந்த அம்மாளின் திருநாள். அன்றைய பூசையில் உனக்காகச் செபிக்கும்படி உன் பெயரில் கருத்து கொடுக்கப் போகிறேன். அதில் இன்னொரு பெயரையும் சேர்க்க வேண்டுமானால் முன்கூட்டியே எழுது. கோயில் அலுவலகத்தில் கடைசி நேரத்தில் வாங்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
அம்மா